மிஞ்சிய ஒரு சொல்

காலை பத்தரை மணிக்குள் பிலோமினா பதினொரு தடவை கைப்பேசியைப் பார்த்துவிட்டாள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகையில் பார்த்தாள். ஊசி போட்டுக் கை கழுவியதும் பார்த்தாள். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து நின்றபோதுகூட மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். திரையில் தெரிந்தது ஜனக்புரியில் அவள் குடியிருந்த தரைத்தள வீட்டின் முன்னறை. ஒரு கட்டில், கட்டிலில் அவள் கணவர் தாமஸ், பக்கத்து நாற்காலியில் அவரைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஹரிஷங்கர். மலிவான காமிரா அது. படம் மட்டும் வரும், சத்தம் வராது.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு நர்ஸாக வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் எதற்கும் இப்படிப் பயந்ததில்லை. பயம் ஜனவரியில் வந்தது.

தாமஸ் லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். வாய் ஓயாத மனிதர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் இறங்குவதற்குள் அவனுடைய ஊர், சம்சாரத்தின் ஊர், பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துவிடுவார். தங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை ஊராருடன் பேசித் தீர்த்துக்கொள்கிறார் என்று பிலோமினா நினைப்பதுண்டு. அந்த ஜனவரி காலையில், வெளியே பனிமூட்டம் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தபோது, அவர் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, "பிலோ, இந்த வலது கை மரத்த மாதிரி இருக்கு" என்றார். அவளுக்கு எட்டு மணி டூட்டி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "குளிருல மரத்திருக்கும், கொஞ்ச நேரம் ஹீட்டர் முன்னால வச்சிருங்க" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

நான்கு மணி நேரம் கழித்து மாடிவீட்டு அம்புஜம் மாமி, கதவுக்குப் பின்னால் ஏதோ முனகல் கேட்டு, தன்னிடம் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவியால் திறந்து பார்த்தபோது, தாமஸ் ஒற்றை ஷூவுடன் தரையில் கிடந்தார்.

பக்கவாதத்தின் அடையாளங்களைப் பெரிய எழுத்தில் எழுதி வார்டு சுவரில் ஒட்டியவள் பிலோமினாதான். அவள் வீட்டில், அவள் காதுபட, அவள் கணவர் அதே அடையாளத்தைச் சொன்னார். அவள் பஸ் பிடிக்கப் போய்விட்டாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்று.

தாமஸுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. அத்தனை பேசிய மனிதருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். "சரி." பசிக்கிறதா என்றால் "சரி." வலிக்கிறதா என்றால் "சரி." கோபம் வந்து தலையணையைத் தள்ளிவிட்டாலும் "சரி, சரி, சரி." பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், ஆறு மாதம் ஆகிவிட்டது, இனிப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள். ஒவ்வொரு தடவை அவர் "சரி" என்று சொல்லி அவள் முகத்தைப் பார்க்கும்போதும், அந்தக் காலையைத்தான் நினைத்துக்கொண்டு பார்க்கிறாரோ என்று பிலோமினா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

தன் கண்ணையே நம்ப முடியாமல் போனவள் அடுத்தவன் கையை எப்படி நம்புவாள்?

ஹரிஷங்கர் கோரக்பூர்ப் பக்கத்துக்காரன். நாற்பது தாண்டியவன், அதிகம் பேசாதவன். ஏஜென்சி மூலம் மார்ச்சில் வந்தான். தாமஸை, அப்பா என்கிற பொருளில், 'பாபுஜி' என்று கூப்பிட்டு, ஒரு பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி நாற்காலியில் வைப்பான். அவன் வந்த முதல் வாரத்திலேயே பிலோமினா ஹார்லிக்ஸ் பாட்டிலில் பேனாவால் கோடு போட ஆரம்பித்தாள். மாத்திரைகளை எண்ணினாள். டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் தாமஸின் சட்டையைக் கழற்றி முதுகு, தோள், தொடை என்று தடவித் தேடினாள். மே மாதம் முழங்கைக்குக் கீழே நீலமாக ஒரு தடம் இருந்தது. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கிற மாத்திரையால் லேசாகப் பட்டாலே அப்படிக் கன்றிப்போகும் என்று நோயாளிகளின் வீட்டாருக்கு அவளே நூறு தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் அன்று ராத்திரி முழுக்க அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காமிரா வாங்கினாள்.

காலனி வாட்ஸாப் குரூப்பில் தினமும் ஏதாவது வரும். எங்கோ ஒரு வேலைக்காரன் கிழவரை அடித்தான், எங்கோ ஒருத்தி பாலில் மருந்து கலந்தாள். எந்த ஊர், எந்த வருஷம் என்று இருக்காது. அவள் எல்லாவற்றையும் படித்தாள். காலையில் தாமஸின் கட்டிலருகே மண்டியிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு உரக்கச் செபமாலை சொல்வாள். ஏழு மணிக்கு ஹரிஷங்கர் வந்து வாசல் ஓரமாக, அவள் முடிக்கும்வரை காத்து நிற்பான். அவன் நிற்பது தெரிந்ததும் அவள் செபம் மாறிப்போகும். 'மாதாவே, இவன் கையைக் கட்டிப்போடும்' என்று மனசுக்குள் சொல்வாள். செபம் என்பது ஒவ்வொருவர் மேலும் குற்றம் சொல்லும் புகார் மனுவாகிப் பல வாரம் ஆகியிருந்தது.

அன்று, ஜூலை மாதத்து வியாழக்கிழமை, பன்னிரண்டாவது தடவையாகத் திரையைப் பார்த்தாள்.

ஹரிஷங்கர் கட்டிலின் மேல் ஒரு முழங்காலை ஊன்றியிருந்தான். ஒரு கையால் தாமஸின் தாடையை இறுகப் பிடித்திருந்தான். தாமஸின் முகம் சிவந்து, வாய் கோணித் திறந்து, கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஹரிஷங்கர் அவர் முகத்தருகே குனிந்து எதையோ சொன்னான். தாடையை அசைத்தான். மறுபடியும் சொன்னான்.

பிலோமினா மருந்து வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ஆட்டோவில், "பையா, ஜல்தி! ஜல்தி!" என்று அவசரப்படுத்தி அவள் போட்ட சத்தத்தில் ஆட்டோக்காரன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். சிக்னலில் நின்ற ஒவ்வொரு நிமிஷமும் அவள் திரையைப் பார்த்தாள். நெட் கிடைக்காமல் அது சுழன்றுகொண்டே இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஹரிஷங்கர் தாமஸின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கையை எடு!" அவள் ஹிந்தியில் கத்தினாள். "எடுடா கையை! எல்லாத்தையும் பார்த்துட்டேன். எத்தன நாளா நடக்குது இது?"

அவன் துணியோடு எழுந்து நின்றான். "மேடம், ஒரு தடவ கேளுங்க. பாபுஜி வந்து..."

"பாபுஜின்னு சொல்லாத! வெளிய போ. போலீஸக் கூப்பிடறதுக்குள்ள போயிடு."

கட்டிலிலிருந்து தாமஸ் எம்பினார். இடது கையை ஆட்டினார். "சரி! சரி, சரி, சரி!" என்றார். கண்ணில் நீர் பொங்கிற்று.

"பாத்தியா, அவரே சொல்லுதாரு" என்றாள் பிலோமினா, தமிழில், யாருக்கென்று இல்லாமல்.

ஹரிஷங்கர் தாமஸைப் பார்த்தான். துணியை மடித்து நாற்காலியின் மேல் வைத்தான். கைகூப்பிவிட்டுப் போய்விட்டான்.

அவள் ஏஜென்சிக்குப் போன் செய்தாள். அவர்கள் அவனை அன்றே நீக்கிவிட்டார்கள். அதோடு அவளுக்கு ஆறவில்லை. காமிராவிலிருந்து அவன் முகம் தெரியும் படத்தை எடுத்து, 'நோயாளியைக் கொடுமைப்படுத்துபவன், எச்சரிக்கை' என்று எழுதிக் காலனி குரூப்பில் போட்டாள். பத்து நிமிஷத்தில் முப்பது பேர் நன்றி சொன்னார்கள்.

அன்று மாலை தாமஸ் சாப்பிடவில்லை.

கஞ்சியைக் கரண்டியில் எடுத்து வாயருகே கொண்டுபோனாள். அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிர்ச்சியாக இருக்கும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று விட்டாள். வெள்ளிக்கிழமை காலையிலும் திரும்பிக்கொண்டார். மாத்திரையை நாக்கில் வைத்தால் துப்பினார். தண்ணீர் மட்டும் இரண்டு மடக்கு. ரத்த அழுத்த மாத்திரை ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததுதான் கொடுமை. மணிக்கு ஒரு தடவை அழுத்தம் பார்த்தாள். எண்கள் ஏறிக்கொண்டே போயின.

"ஏங்க, எம்மேல என்ன கோவம்? அவனத்தான் அனுப்பியாச்சே! ஒரு வாய் வாங்கிக்கிடுங்க."

சுவரைப் பார்த்தபடி, "சரி" என்றார் தாமஸ். வாய் திறக்கவில்லை.

அவள் வேலைக்கு விடுப்பு சொன்னாள். ஏஜென்சி இன்னொருவனை அனுப்பியது. கதவைப் பாதி திறந்து, அவன் நகத்தில் அழுக்கு இருப்பதைப் பார்த்துத் திருப்பி அனுப்பினாள். அடுத்து வந்தவன் அளவுக்கு மேல் சுத்தமாக இருந்தான். அவனையும் அனுப்பினாள். கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் அன்பியக் குழுவிலிருந்து போன் வந்தது. விஷயம் தெரிந்து வம்பு பேசக் கூப்பிடுகிறார்கள் என்று எடுக்கவில்லை. அம்புஜம் மாமி மூன்று தடவை மணி அடித்தாள். மாற்றுச் சாவி மாமியிடம் இருப்பது அப்போதுதான் பிலோமினாவுக்கு உறைத்தது. நான் இல்லாத நேரமெல்லாம் இவளும் வந்து போயிருப்பாளோ, இவளுக்கும் அவனுக்கும் ஏதாவது பேச்சிருக்குமோ? உள்தாழ்ப்பாளைப் போட்டாள். அதற்கு மேல் ஒரு நாற்காலியைச் சாய்த்து வைத்தாள்.

கரண்ட் போய்ப் போய் வந்தது. வீடு அடுப்புபோல் கொதித்தது. ஜன்னலைத் திறக்கவும் பயமாக இருந்தது. இரண்டு நாளில் அவள் இரண்டு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. செபமாலையை எடுத்தால் இரண்டாவது மணியைத் தாண்ட முடியவில்லை. 'யார் வருவார்? நான் விழுந்துவிட்டால் இவரை யார் தூக்குவார்? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போயிட்டா நல்லா இருக்குமே' என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள். சுவரில் சிலுவையோடு தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்து, "நீரும் பாத்துக்கிட்டுதான இருக்கீரு? காமிரா மாதிரி. பாக்கிறீரு, சத்தம் இல்ல" என்றாள். சொன்ன பிறகு அழுகை வந்தது. ஆனால் அதை வாபஸ் வாங்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தாமஸ் தண்ணீரையும் துப்பினார்.

உதடு வெடித்திருந்தது. நாக்கு காய்ந்துபோயிருந்தது. இனி ஆஸ்பத்திரிதான், இல்லையென்றால் மூக்கு வழியாகக் குழாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அங்கே முகம் தெரியாத இருபது கைகள். பிலோமினா அலமாரியிலிருந்த குழாயை எடுத்தாள். வைத்தாள். கடைசியாக ஒரு தடவை என்று டம்ளரை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள்.

"குடிங்க."

அவர் திரும்பிக்கொண்டார்.

"குடிங்கன்னு சொல்லுதேன்லா! என்னைக் கொல்லணும்னு இருக்கியளா? குடிங்க!"

அவள் கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி ஏறினாள். இடது கையால் அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். விரல்கள் கன்னத்தில் பதிந்தன. பல்லுக்கு நடுவே டம்ளரை அழுத்தினாள். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. அவர் முகம் சிவந்தது. இருமினார். கண்களை விரித்து அவளைப் பார்த்தார்.

அந்தக் கண்ணில் பயம் இருந்தது. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அந்த மனிதர் அவளைப் பார்த்துப் பயந்ததே இல்லை.

பிலோமினாவின் கை தானாக விட்டுப்போயிற்று. தாமஸின் தாடையில் அவளுடைய நான்கு விரல்களும் சிவப்பாகத் தெரிந்தன. எந்த முழங்காலையும் எந்தக் கையையும் திரையில் பார்த்து அவள் ஓடிவந்தாளோ, அவை இரண்டும் இப்போது அவளுடையவை. நான்கு மாதமாக ஊர்க் கைகளையெல்லாம் சோதித்தவள் தன் கையைச் சோதிக்கவே இல்லை.

அவள் கட்டிலிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தாள். டம்ளர் உருண்டு போயிற்று.

"நான்தான்" என்றாள். "அன்னைக்கு நீங்க கை மரக்குன்னு சொன்னிய. எனக்குக் கேட்டுச்சு. கேக்கலன்னு நினைச்சிராதிய. நல்லாக் கேட்டுச்சு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. நர்ஸு நான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் நின்னு உங்க முகத்தப் பாத்திருந்தா... பஸ்ஸு போயிரும்னு போனேன். உங்க பேச்சு போனது என்னாலதான். நீங்க 'சரி'ன்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சுல குத்துது. மனசுல என்ன வச்சிருக்கியளோ, என்னைச் சபிக்கியளோன்னு... உங்களயும் நான் நம்பல. ஆண்டவரையும் நம்பல. என் பாவம் வெளிய தெரிஞ்சிரக் கூடாதுன்னு ஊர்ல உள்ளவன் எல்லாம் பாவின்னு பாத்தேன்."

மேலே பேச்சு வரவில்லை. சின்ன வயதிலிருந்து நாக்கில் ஊறிப்போனது ஒன்றுதான் மிஞ்சியது. கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு, "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே..." என்று ஆரம்பித்தாள். 'எங்கள்' என்ற சொல் உறுத்த, நிறுத்திவிட்டாள். எங்கள் என்று சொல்ல அவளுக்கு யார் இருக்கிறார்கள்? எல்லாரையும்தான் வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாயிற்றே.



தலைக்கு மேலே ஒரு குரல் கரகரத்தது. "பி... பிதாவே."

பிலோமினா தலையை நிமிர்த்தினாள்.

"உம்... உம்முடைய..." என்றது அந்தக் குரல். கல்லைப் புரட்டுவதுபோல் ஒவ்வொரு சொல்லாகப் புரண்டு வந்தது. சில சொற்கள் குழறின, சில நொண்டின, சில பளிச்சென்று வந்தன. தாமஸ் தன் இடது கையால் தன் தாடையைத் தானே பிடித்து, அசைத்து, அசைத்து, அந்தப் பழைய பரலோக மந்திரத்தைச் சொல்லிக்கொண்டு போனார். நெற்றி நரம்பு புடைத்தது. கண்ணீர் வழிந்தது. இரண்டு நாள் முன்பு திரையில் பார்த்த அதே முகம். தீமை செய்தவர்களைப் பொறுப்பது பற்றிய இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். அவளையே பார்த்தார்.

"பொறுத்... பொறுத்தருளும்" என்றார். மறுபடியும் சொன்னார். "பொறுத்தருளும்." கையைத் தாடையிலிருந்து எடுத்து அவள் தலையில் வைத்தார். பிறகு அதே கையை வாசல் பக்கம் நீட்டினார். "பொறுத்தருளும்."

பேச்சுப் போனவர்களுக்கும் மனப்பாடமான செபம், பாட்டு, எண் இவை சில சமயம் திரும்பி வரும், அது மூளையின் வேறு பக்கத்திலிருந்து வருவது என்று அவள் படித்திருக்கிறாள். படித்தது இருக்கட்டும். அந்தச் சொல்லை அவர் அவளுக்காகவும் வாசலைத் தாண்டிப் போன ஹரிஷங்கருக்காகவும் சொன்னார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. ஆறு மாதத்தில் முதல் தடவையாகச் சந்தேகம் வரவில்லை.

தண்ணீரைக் கொண்டுவந்தாள். அவர் குடித்தார்.

கதவிலிருந்து நாற்காலியை நகர்த்தி, தாழ்ப்பாளை எடுத்து, மாடிப்படியின் கீழே நின்று, "மாமி!" என்று கூப்பிட்டாள். அம்புஜம் மாமி முழங்கால் வலியையும் பாராமல் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"என்னடிம்மா இது, மூணு நாளா மணி அடிச்சிண்டே இருக்கேன்! அந்த ஹரிஷங்கரைத் துரத்திட்டியாமே? குரூப்ல வேற போட்டிருக்கே. அவன் என்ன பண்ணினான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"என்ன பண்ணினான் மாமி?"

"நீ காலம்பற கண்ணை மூடிண்டு ஜபம் பண்றச்சே உங்காத்துக்காரர் உதடு அசையறதை அவன் பார்த்திருக்கான். நீ கண்ணைத் திறந்து பார்த்தாதானே உனக்குத் தெரியும்? உன் குரலைப் போன்ல பதிஞ்சு வச்சிண்டு, அதைப் போட்டுப் போட்டு, தாடையைப் பிடிச்சுச் சொல்ல வச்சிண்டிருந்தான். தமிழ் வார்த்தைக்கு அர்த்தம் என்னன்னு எங்கிட்ட வந்து கேப்பான். முழுசா வரட்டும், அப்புறம் மேடம்கிட்ட சொல்லலாம், பாதியில சொல்லி உன்னை ஏமாத்த வேண்டாம்னு சொன்னான்."

பிலோமினா படியில் உட்கார்ந்துவிட்டாள். ஆறுதலாக இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, இனி என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிட்டதால் வந்த பயமாக இருந்தது.

தாமஸுக்குக் கஞ்சியும் மாத்திரையும் கொடுத்து, அழுத்தம் இறங்கும்வரை இருந்தாள். மறுநாள் தாமஸை மாமியிடம் விட்டுவிட்டு ஞாயிறு பூசைக்குப் போனவள், முதல் ஆளாகப் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்று, ஜனவரி காலையிலிருந்து சனிக்கிழமை வரை எல்லாவற்றையும் சொன்னாள். சாமியார் பாவத்துக்கு அபராதமாகச் சொன்ன செபம் சின்னதுதான். "அந்த மனுஷனப் போய்ப் பாத்துட்டு அந்தச் செபத்தைச் சொல்லும்மா" என்றார்.

பூசை முடிந்து அங்கிருந்தே உத்தம் நகருக்குப் போனாள். ஏஜென்சியில் வாங்கிய விலாசம் ஒரு குறுகிய சந்துக்குள், மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது பன்னிரண்டு வயதுப் பெண். பிலோமினாவைக் கண்டதும் பின்வாங்கி, "பாபா, அந்த மேடம்" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். வாட்ஸாப்பில் தன் முகப்படத்தையும் அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறது என்று பிலோமினாவுக்குப் புரிந்தது.

ஹரிஷங்கர் வந்தான். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"நான் உனக்குப் பெரிய அநியாயம் பண்ணிட்டேன், தம்பி. மன்னிச்சுரு" என்று ஹிந்தியில் சொன்னாள். வழியெல்லாம் வேறு வார்த்தைகள் யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் நினைவில்லை.

அவன் மகளின் தோளில் கை வைத்தான். "நீங்க போட்ட போட்டோ இந்தத் தெரு வரைக்கும் வந்துடுச்சு மேடம். என் பொண்ணோட கிளாஸ்ல ஒருத்தி காட்டியிருக்கா. அவ ரெண்டு நாளா ஸ்கூல் போகல. மன்னிச்சேன்னு நான் இப்ப சொல்லிட்டா உங்களுக்கு நிம்மதி. இவளுக்கு?"

அவள் அங்கேயே, அந்தப் படிக்கட்டில் நின்றபடியே கைப்பேசியை எடுத்தாள். அதே குரூப்பில், ஹரிஷங்கர் மேல் எந்தக் குற்றமும் இல்லை, என் கணவருக்குப் பேச்சு வரவழைத்தவர் அவர், பயத்தில் பொய்யான பழி போட்டது நான் என்று எழுதி, தன் பேரையும் வீட்டு எண்ணையும் போட்டாள். விரல் நின்றது. காலனியில் இனி எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது? அனுப்பினாள். ஏஜென்சிக்குப் போன் போட்டு, அவனும் அந்தப் பிள்ளையும் கேட்கும்படி எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். பிள்ளை அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

பேசி முடித்துத் திரும்பியவளை ஹரிஷங்கர் கூப்பிட்டான்.

"பாபுஜி சாப்பிட்டாரா?"

"நேத்துதான் சாப்பிட்டாரு. மூணு நாளா வாயே திறக்கல."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உங்க வீட்ல வேலைக்கு வர மாட்டேன் மேடம். நீங்க காமிராவுல என்னையே பாத்துக்கிட்டு இருந்தது எனக்கு அப்பவே தெரியும். ஆனா பாபுஜியப் பாக்க ஒரு நாள் வருவேன்" என்றான்.

சந்து முனையில் நின்று பிலோமினா சாமியார் தனக்குக் கொடுத்த சின்னச் செபத்தைச் சொன்னாள்.

ஹரிஷங்கருக்கு ஒரு வாரத்தில் வேறொரு வீட்டில் வேலை கிடைத்தது. குரூப்பில் சிலர் பிலோமினாவைத் திட்டினார்கள், சிலர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். தாமஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அதற்குள் சுப்பு என்ற ஐம்பது வயதுக்காரர் வேலைக்கு வந்திருந்தார். அவர் வந்த முதல் திங்கட்கிழமை காலையில் பிலோமினா காமிராவைக் கழற்றி அலமாரிக்குள் போட்டாள். மாத்திரை டப்பாவை அவர் கையில் கொடுத்து, எது எப்போது என்று சொன்னாள். தாமஸின் முகத்தை நின்று, நிதானமாகப் பார்த்தாள். இரண்டு கையையும் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். இடது கை முழுதாகவும் வலது கை ஒரு சாணும் உயர்ந்தது.

"போயிட்டு வாறேன்."

"சரி" என்றார் தாமஸ்.

பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் வந்துவிட்டது அந்தப் பயம். சுப்புவின் கண் ஒரு மாதிரி இருந்ததே, மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டால், அவர் விழுந்துவிட்டால், நான்கு மணி நேரம், மறுபடியும் நான்கு மணி நேரம்... மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றால் பத்து நிமிஷத்தில் வீடு.

நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சேசுவே" என்றாள் மெதுவாக. "எனக்குப் பயமா இருக்கு. அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் குடுக்கச் சொல்லிக் கேக்கல. நான் இல்லாத எடத்துல நீரு இருக்கீரு. அத நம்புததுக்கு மட்டும் பெலன் தாரும். இன்னைக்கு ரெண்டு மணி வரைக்கும்."

பயம் போகவில்லை. அப்படியே நின்றது. ஆனால் அதற்குப் பக்கத்தில் நிற்க இடம் கிடைத்தது. எதிர்ப்பக்கம் வீட்டுக்குப் போகும் பஸ் ஒன்று வந்து, நின்று, போயிற்று. அவள் கம்பியை விடவில்லை. தன் பக்கத்தில் அடுத்த பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள். உட்கார இடமில்லை. நின்றுகொண்டே போனாள்.

இருபது நிமிஷம் தாமதமாக வார்டுக்குள் நுழைந்தாள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். ஏழாம் கட்டிலில் புதிதாக வந்திருந்த கிழவரின் மகன், அப்பாவை விட்டுவிட்டு வேலைக்குப் போக மனமில்லாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். பிலோமினா முதலில் அவனிடம் போனாள்.